கரட்டூரணியில் கல் விழுந்த காலம்

கரட்டூரணிக்குள் நுழையும் இடத்தில், இந்த ஊரில் யாரும் திறந்தவெளியில் மலம் கழிப்பதில்லை என்று பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதி நட்ட மறுநாள் விடிகாலையில், கண்மாய்க் கரையில் வெளிக்கிருந்த சங்கிலியின் தோளில் வானத்திலிருந்து ஒரு கல் வந்து விழுந்தது. உரித்த தேங்காய் அளவுக் கல். தலைக்கு மேலே மரம் இல்லை, கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லை, வெடி வைத்துப் பாறை உடைக்கும் குவாரியும் அந்தப் பக்கம் கிடையாது. காரை எலும்பு முறிந்த வலியில், அவிழ்ந்த வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு காலனிக்குள் ஓடிவந்த சங்கிலி, "எவன்டா எறிஞ்சது, ஆம்பளையா இருந்தா முன்னால வாடா" என்று தெருநடுவில் நின்று கத்தினார். யாரும் முன்னால் வரவில்லை. அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே ஓடைப் பக்கம் போயிருந்த பெண்கள் முதுகில் ரத்தம் ஒழுகத் திரும்பி வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட வேண்டிய பிள்ளைகள் மண்டையைப் பொத்திக்கொண்டு அழுதபடி வந்தார்கள், வெயில் ஏறுவதற்குள் காலனியில் கட்டுப்போடக் கிழிக்காத பழஞ்சேலை ஒன்றும் மிச்சமில்லை.

மேலத்தெருவில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அங்கே வீட்டுக்கு வீடு கக்கூஸ் இருந்தது. காலனியில் ஒன்றும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் இருப்பதாக அரசாங்கத்துக்குச் சொல்லியாகிவிட்டது. ஒப்பந்தக்காரர் வந்து ஒரே ஒரு கக்கூசைக் கட்டி, காலனிக் குடும்பங்களை ஒவ்வொன்றாக அதன் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார். எடுத்து முடித்த அன்றைக்கே பீங்கானைப் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். வீட்டுக்கொரு நீலநிறத் தகரக் கதவை மட்டும் இறக்கிப் போட்டுவிட்டு, சுவர் பின்னால் வரும் என்றார். சுவர் வரவில்லை. சிலர் கதவைத் திருப்பிப் போட்டுப் படுத்துக்கொண்டார்கள், சிலர் ஆட்டுப்பட்டிக்கு அடைப்பாக வைத்தார்கள்.

கல்லுக்கு ஒரு முறை இருந்தது, காலனி அதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டது. நிற்பவரை அது தொடாது. நடப்பவரையும் தொடாது. களை பறிக்கக் குந்தியிருக்கும் பெண்களை ஒன்றும் செய்யாது. வெளிக்கிருக்கக் குந்தியவரை மட்டும், புதருக்குள் ஒளிந்தாலும் கரம்பைப் பள்ளத்தில் இறங்கினாலும், தேடிவந்து அடிக்கும். முதலில் இது குட்டிச்சாத்தான் வேலை என்றார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒரு கோடாங்கியை அழைத்து வந்தார்கள். அவர் உடுக்கையை அடித்து, எலுமிச்சம்பழத்தை நாலு திசையிலும் அறுத்துப் போட்டு, இனிமேல் ஒரு கூழாங்கல்கூட விழாது என்று வாக்குச் சொல்லி, கோழிக்குழம்போடு சாப்பிட்டுப் படுத்து, விடிந்ததும் செம்பை எடுத்துக்கொண்டு கருவேலங்காட்டுப் பக்கம் போனார். அவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உடுக்கையை எடுத்துவர மறந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு யாரும் காரணம் தேடவில்லை. மழைக்குக் குடை பிடிப்பதுபோல் கல்லுக்கு எதையாவது பிடித்தார்கள். அன்னக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு போனார்கள், சாந்துச்சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். அலுமினியம் நசுங்கியதும் ஆட்டுப்பட்டியிலிருந்த நீலக் கதவுகளைக் கழற்றி, ஒருவர் குந்த ஒருவர் மேலே தாங்கிப் பிடிக்க, புருஷன் பெண்டாட்டிக்கும் தாய் மகளுக்கும் என்று மாறிமாறிப் பிடித்தார்கள். தகரம் வந்ததும் கல் பெருத்தது. கதவு வளைந்தது, பிடித்தவர் கை அதிர்ந்து மரத்துப்போனது, ஆனாலும் மண்டை தப்பியது. ராத்திரிச் சாப்பாட்டைப் பலர் விட்டுவிட்டார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள், உட்கார்ந்தபடியே மயங்கி விழுந்தார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் எதனால் அடி என்று கேட்டால், கீழே விழுந்ததாகச் சொன்னார்கள். வானத்திலிருந்து என்று சொன்னவர்களைத் தனியாக உட்கார வைத்துப் பைத்தியமா என்று பார்த்தார்கள்.

மேலத்தெரு வேறு மாதிரிப் பழகியது. விடிந்தால் காபி டம்ளரோடு மொட்டைமாடிக்கு வந்து நின்றார்கள். தகரக் கதவைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு காலனி சனம் சாரையாகப் போவதை அங்கிருந்து பார்க்கலாம், கல் இறங்குவதையும் பார்க்கலாம். சாமிக்கே பொறுக்கவில்லை, சுத்தம் வேண்டும் என்று சாமியே கல்லெடுத்துவிட்டது என்றார்கள். இளவட்டங்கள் செல்போனில் படம்பிடித்து, பாட்டுப் போட்டு, ஊர் ஊராக அனுப்பினார்கள்.

பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம் போட்டபோது காலனியிலிருந்து பாதிப் பேர் கட்டோடுதான் வந்தார்கள். தலைவர் சுந்தரமகாலிங்கம் நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் அவர் மச்சினன் தவமணி நின்றான். காலனி சார்பில் யார் பேசுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது இருளாயி எழுந்தாள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள், லோடுமேன் காளிராசின் மனைவி, சபையில் அதுவரை பேசியதில்லை.

"தலைவரே, எங்க தெருவுக்கு லெட்ரின் கட்டிக் குடுங்க. கல்லு தன்னால நின்னுரும்."

"உங்க தெருவுக்குத்தான் கட்டியாச்சே."

"எங்கன கட்டியிருக்கு?"

"எங்கனயா? போட்டோவுல நீதான சிரிச்சுக்கிட்டு நிக்கிற."

"சிரிக்கலய்யா. வெயிலு கண்ணுல அடிச்சுச்சு."

மேலத்தெருக்காரர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை, பொறுமையாகத்தான் விளக்கினார். "இந்தா பாரு இருளாயி. இப்பக் கட்டணும்னா, முன்னால கட்டலைன்னு நான் ஒத்துக்கிடணும். ஒத்துக்கிட்டா பலகையப் புடுங்கணும். கலெக்டரு கையால வாங்குன அவார்டைத் திருப்பிக் குடுக்கணும். ஊருக்கே கேவலம். கொஞ்ச நாள் சமாளிங்க. கல்லுன்னா என்னைக்கும் விழுமா?"

கல் என்றைக்கும் விழுந்தது.

இருளாயிக்கு ஒரே மகள், செல்லக்கிளி. டவுன் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கில் கெட்டி, கோபத்தில் அதைவிடக் கெட்டி. மாடியிலிருந்து பிடித்த படம் ஒன்றில், கதவுக்குக் கீழே அம்மாவும் அவளும் குனிந்து போவது தெளிவாகத் தெரிந்தது. அது அவளுடைய வகுப்புக்கே வந்துவிட்டது. பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை, "உங்க வீட்டுக் கதவு நடந்து போகுமாடி?" என்று கேட்டாள். செல்லக்கிளி அன்றைக்கு மத்தியானச் சோற்றைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாளும் சாப்பிடவில்லை.

"நான் இனிமே கதவத் தூக்கிக்கிட்டு வரமாட்டேம்மா."

"தல போயிரும் தாயி."

"போகட்டும். அவனுங்க செல்லுல ஓடுறதுக்கு அது தேவல."

"அவனுங்களுக்கு வேற வேல இல்ல. நமக்கு உசுருதான பெருசு?"

"உனக்குப் பெருசு" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டே படுத்திருந்தாள். விடிகிற நேரத்தில் இருளாயி அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தபோது செம்பு எடுத்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் பிள்ளை வாசல் தாண்டிவிட்டாள். கதவு சுவரில் சாய்த்தபடி இருந்தது. இருளாயி அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு ஓட முடியாத கனம். இழுத்துக்கொண்டு ஓடினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். கல் விழும் சத்தம் காலனிக்குப் பழகியிருந்தது. தகரத்தில் விழுந்தால் ஒரு சத்தம், மண்ணில் விழுந்தால் ஒரு சத்தம். அன்றைக்குக் கேட்டது இரண்டும் இல்லை.

மகளைப் புதைத்துக் காடாற்றுச் சடங்கு முடிந்த காலையில், இருளாயி குளித்து, ஈரத் தலையோடு, செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேலத்தெருவுக்கு நடந்தாள். தலைவர் வீட்டு வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. தலைவரின் மனைவி சௌந்தரம் வெளியே வந்தாள்.

"என்ன இருளாயி, இந்த நேரத்துல? புள்ள விசயம் கேள்விப்பட்டேன். மனசே ஆறல."

"கக்கூசுக்குப் போகணும்க்கா."

சௌந்தரம் முதலில் புரியாமல் நின்றாள். பிறகு புரிந்து, உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இங்க எப்படி? அவுக வைவாக. ஓடைப் பக்கம் போயேன்."

சொன்னதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சொல்லியாகிவிட்டது.

உள்ளேயிருந்து தவமணி வந்தான். வந்த வேகத்திலேயே இருளாயியின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். படியில் சரிந்து விழுந்தாள், செம்பு உருண்டது, முழங்கை தோல் பெயர்ந்து ரத்தம் வந்தது. எழுந்தாள். சேலையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, கோலத்தின் நடுவில், தலைவர் வீட்டைப் பார்த்தபடி குந்தினாள்.

தவமணி உள்ளே போய்க் கம்பை எடுத்துக்கொண்டு வந்து ஓங்கினான். ஓங்கிய கையின்மேல் நீலக் கதவொன்று வந்து மோதியது. மனைவி போன திசையைப் பார்த்துப் பின்னாலேயே கதவைச் சுமந்து வந்திருந்த காளிராசு, அவளுக்கு மேலே அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்துக் கல் இறங்கியது. ஆட்டுக்குட்டி அளவுக் கல். கதவில் பட்டுச் சரிந்து எகிறி, வாசலில் நின்ற தலைவர் காரின் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. அடுத்த கல் எகிறி முன்கட்டு ஓட்டைப் பிளந்தது. மூன்றாவது, மாடியில் காபியோடு நின்றவர்களுக்கு நடுவே தண்ணீர்த் தொட்டியை உடைக்க, தண்ணீர் சுவர் வழியாகக் கொட்டியது. இருளாயி எழவில்லை. கல்லும் நிற்கவில்லை.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. காலனியில் சத்தம் கேட்டது, மேலத்தெருப் பக்கமிருந்து கேட்டது என்பது புதுமையாக இருந்தது, அவ்வளவுதான். ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள், பார்த்தவர்கள் திரும்பிப் போய்த் தங்கள் கதவுகளைத் தூக்கினார்கள், அண்டாவை எடுத்தார்கள், வண்டிப் பலகையை எடுத்தார்கள், கைக்குழந்தைக்காரிகளும் கட்டுப்போட்டவர்களும் நொண்டுகிறவர்களும் ஒருவர் பின் ஒருவராக மேலத்தெருவுக்குள் நுழைந்து, வீட்டுக்கு வீடு வாசலில், கோலத்துக்குக் கோலம் நடுவில், கதவைக் கவிழ்த்துக்கொண்டு குந்தினார்கள். பாசாங்கு செய்ய வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை. அத்தனை காலமாக வயிற்றை அடக்கி வைத்திருந்த சனம் அது.

வானம் இருட்டவில்லை, மேகம் வரவில்லை, நல்ல வெயிலில் கல் கொட்டியது. தகரத்தில் பட்ட கல் தகரத்தோடு நிற்கவில்லை, எகிறிப் போய் ஓட்டை உடைத்தது, ஜன்னலை உடைத்தது, டிஷ் ஆன்டெனாவை வளைத்தது, தொழுவத்தில் கட்டியிருந்த பசுவின் கொம்பை முறித்தது. மேலத்தெரு ஆண்கள் கம்போடும் கடப்பாரையோடும் இறங்கி, குந்தியிருந்தவர்களை முதுகிலும் இடுப்பிலும் அடித்தார்கள், தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். இழுக்கப்பட்டவர்கள் இழுத்தவர்களின் காலைக் கட்டிக்கொண்டார்கள். காளிராசின் கையில் கடப்பாரை விழுந்து எலும்பு இரண்டாகப் போனது, அவன் மறுகையாலும் தலையாலும் கதவைத் தாங்கிக்கொண்டான். தவமணி மறுபடியும் கம்பை ஓங்கியபோது எங்கோ பட்டு எகிறிய சில்லு அவன் வலதுகண்ணில் ஏறியது. அவன் போட்ட கூச்சலில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு நொடி நின்றார்கள். சங்கிலியின் கதவு கைக்குழந்தைக்காரி ஒருத்திக்குப் போய்விட்டது. தோள்கட்டு அவிழாத அந்தக் கிழவர், தலைவர் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் வெறுந்தலையோடு குந்தினார். யாரோ எழுந்திருக்கச் சொல்லிக் கத்தினார்கள். "இருடா, முடியல" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

உடைந்த ஜன்னலுக்குப் பின்னாலிருந்து தலைவர் குரல் கொடுத்தார். "எந்திரிங்கப்பா! எந்திரிங்க! நான் கட்டித் தாரேன்!"

"எங்க தெருவுலதான் இருக்குன்னீகளே" என்றாள் இருளாயி.

"இல்ல."

"கேக்கல."

"இல்லம்மா! கட்டல! ஒண்ணுகூடக் கட்டல!"

"அப்பச் சரி. முதல்ல உங்க வீட்டுக் கக்கூசத் திறங்க."

சௌந்தரம்தான் வந்து திறந்தாள். கொல்லைப்புறத்துக் கக்கூசின் தாழ்ப்பாளை நீக்கி, தரையில் சிதறிக் கிடந்த ஓட்டுச் சில்லுகளைக் காலால் ஒதுக்கி வழிவிட்டாள். அடிபட்டவர்கள் முதலில் போனார்கள். பிறகு பிள்ளைகள். அந்த வீட்டில் ஒருத்தர் உள்ளே போகவும் வாசலில் ஒரு கல் குறைந்தது. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டைத் திறந்தார், அதைப் பார்த்து அதற்கடுத்தவர். கதவுகள் திறக்கத் திறக்கக் கல் குறைந்து, கடைசி ஆள் உள்ளே போனபோது தெருவில் தூசி மட்டும் நின்றது.

போலீஸ் வந்தது. கலவரம், கல்வீச்சு என்று காலனி ஆட்கள்மேல் வழக்குப் போட்டார்கள்.

"கல்ல எறிஞ்சது யாரு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கல்லு எங்க மேலதான்யா விழுந்துச்சு" என்றாள் இருளாயி.

"உங்க மேல விழுந்த கல்லு அவரு காருக்குள்ள எப்படிப் போச்சு?"

"எங்க மேல பட்டுட்டுப் போச்சு."

அவர் பக்கத்திலிருந்த ஏட்டைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். வழக்கு இன்னும் நடக்கிறது.

காலனி ஜனம் அன்றைக்குத் திறந்த கதவுகளை மூடவிடவில்லை. விடிந்தால் செம்போடு மேலத்தெருவுக்குப் போனார்கள். போய் வந்த பின்னால் அந்த வீட்டுக்காரர்கள் பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினார்கள், தேய்க்கும்போது வைதார்கள். ஒருநாள் ஒரு வீட்டில் தாழ்ப்பாளில் கரண்ட் கம்பியைச் சுற்றிவைத்தார்கள், தொட்ட பெண்ணின் உள்ளங்கை வெந்தது. மறுநாள் அந்த வீட்டு வாசலில் காலனிப் பெண்கள் கதவோடு வந்து நின்றார்கள். குந்தவில்லை, நின்றார்கள். கம்பி அவிழ்ந்தது. ஒரு வைக்கோற்போர் எரிந்தது. பஸ் ஸ்டாப்பில் ஒருவனுக்குக் குத்து விழுந்தது. இப்படியே போய், பொறுக்கமாட்டாமல், காலனிக்கு உடனடியாகக் கக்கூஸ் கட்டித்தர வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு, டவுனுக்குப் போய், வெயிலில் உண்ணாவிரதம் இருந்தது மேலத்தெருதான். மாலை போட்டுக்கொண்டு பந்தலில் உட்கார்ந்த அவர்களுக்குக் காலனியிலிருந்து யாரும் போகவில்லை.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இந்தத் தடவை குழி வெட்டினார்கள், இரண்டிரண்டு குழி, உறை இறக்கி, மூடிபோட்டு. சுவருக்குச் செங்கல் வர நாளாகும் என்றபோது காலனி காத்திருக்கவில்லை. ஓடையிலும் கரம்பையிலும் மேலத்தெரு வாசலிலும் வேண்டிய மட்டும் கல் கிடந்தது. அதைக் கொண்டுவந்து அடுக்கிப் பூசினார்கள். பூசிய கொத்தனார் சில கற்களில் கறை போகவில்லை என்று சொன்னார், அதை உள்பக்கமாகத் திருப்பி வைக்கட்டுமா என்று கேட்டார். எப்படியோ வையுங்கள் என்றார்கள்.

வானத்துக் கல் நின்றுவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் கண்மாய்ப் பக்கம் போய்க் குந்திப் பார்க்கவில்லை.

இருளாயி வீட்டுக் கக்கூஸ் காய்ந்து முடிந்த காலையில், காளிராசு வளைந்து கூடிய கையால் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டு, "நீ முதல்ல போ" என்றான். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். குந்தியதும் கைகள் தானாகத் தலைமேல் போய் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்தன. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தாள். மேலே கூரை இருந்தது. ஒன்றும் விழவில்லை. வெளியே கோழி ஒன்று மண்ணைக் கிளறும் சத்தம் கேட்டது, அதற்கப்பால் யாரோ துணி உதறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கைகளைக் கீழே இறக்கிப் பார்த்தாள். அப்போதும் ஒன்றும் விழவில்லை.

பிறந்த வீட்டில் எட்டுப் பேரோடு ஒரே அறையில் படுத்தவள், வாக்கப்பட்ட வீட்டிலும் ஒரே அறை, தீப்பெட்டி ஆபீசில் நூறு பேரோடு வரிசையில் உட்காருகிறவள். சுற்றிலும் சுவர், உள்பக்கம் தாழ்ப்பாள், எதிரே ஒருத்தரும் இல்லை என்கிற இடத்தில் அவள் இருப்பது அதுதான் முதல் தடவை. அங்கே உட்கார்ந்து இருளாயி மகள் பெயரைச் சொன்னாள். ஒரு தடவை மெல்லச் சொன்னாள். பிறகு சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி, அடிவயிற்றிலிருந்து ஓங்கி அழுதாள்.

செம்பும் கையுமாக மேலத்தெருவுக்கு நடந்துகொண்டிருந்தவர்கள் அங்கங்கே நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து கதவைத் தட்டக் கையெடுத்தாள். காளிராசு அவள் கையைத் தடுத்தான். வெயில் ஏறியது, தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து ஆரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது, அவன் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே கேட்கும்படி சொன்னான்:

"மெதுவா வா இருளாயி. ஒரு அவசரமும் இல்ல."